அனுப்பியாச்சு, சேர்ந்தாச்சு

1.

அனிதா ஓடிக்கொண்டிருந்தாள். இடது கால் செருப்பின் வார் அறுந்து ஏரிக்கரையிலேயே கிடந்தது. வலது கால் செருப்பை அவளே உதறிவிட்டாள். சுண்ணாம்புக்கல் சரளை பாதத்தைக் கிழித்தது. கையிலிருந்த போனில் ஒரு பச்சை வட்டம். அதன் கீழே இரண்டு சொற்கள்: அனுப்பியாச்சு, சேர்ந்தாச்சு. பச்சை விழுந்தால் குவாரியில் வெடி வைப்பார்கள். அந்தப் பச்சை பொய் என்பது அந்த நிமிடத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். பழைய குழிக்குள் கலியம்மாள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு

நிறுத்துகிறேன்.

(வாக்கியத்தைப் பாதியில் அறுப்பது தொடர்கதைக்காரர்களின் பழைய வித்தை. வாரப் பத்திரிகை படித்து வளர்ந்தவன் நான். அடுத்த வியாழன் வரை வாசகரைத் தூங்கவிடாமல் செய்யத் தெரியும். ஆனால் இன்றைக்கு அடுத்த சொல்லை எழுத முடியாமல் பேனாவை வைத்ததற்குக் காரணம் கோபம். வேறொன்றும் இல்லை.)

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நான் யோசித்துப் பிடித்ததில்லை. பெரம்பலூர் பாலக்கரைப் பக்கம் ஒரு டீக்கடையில் அதுவாக வந்து எதிரில் உட்கார்ந்தது. முப்பதைத் தொடாத பெண். கொஞ்சம் சத்தமாகவே பேசினாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்கதானே வாராவாரம் கொலைக்கதை எழுதுறவரு? எங்கிட்ட ஒண்ணு இருக்கு சார். செஞ்சவன் யாருன்னுதான் தெரியல. நீங்க கண்டுபுடிச்சுக் குடுங்க."

சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு சின்ன வெள்ளைப் பலகையையும் மார்க்கர் பேனாவையும் எடுத்து என் பக்கம் தள்ளினாள். கம்பெனிகளில் சுவரில் மாட்டியிருப்பார்களே, அதன் குட்டி.

"கேள்வியெல்லாம் எழுதிக் குடுங்க. எனக்கு வாய்ப்பேச்சு ஆகாது."

சாப்ட்வேர்காரி, எதையும் எழுத்தில் வாங்கித்தான் பழக்கம் போல என்று நினைத்துக்கொண்டேன். 'கொலையா?' என்று எழுதிக் காட்டினேன்.

"கொலைக்கான ஏற்பாடு சார். ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்து வாங்கி, முறையா நடந்த ஏற்பாடு. அதுல என் கையெழுத்தும் இருக்கு."

டீ ஆறிப்போயிற்று.

2.

என் பத்திரிகை ஆசிரியர் ஜெயசுதாவிடம் இரண்டு வரியில் விஷயத்தைச் சொன்னேன். உடனே தன் தேவைகளை அனுப்பினார். வாட்ஸ்அப்பில், குரல் பதிவாக, பின்னால் குக்கர் விசிலோடு:

"நல்லாருக்கு சார். முதல் வரியிலேயே யாராவது ஓடணும். வில்லன் வேணும், அவனுக்கு மூஞ்சி வேணும். சிமென்ட் கம்பெனி பேரு வரக்கூடாது, விளம்பரம் தர்றவங்க. சாப்ட்வேர் சமாச்சாரம் ஒரு பாராவத் தாண்டுனா வாசகர் பக்கத்தத் திருப்பிடுவாரு. முடிவுல அந்தப் பொண்ணு ஜெயிக்கணும், இல்ல சாகணும். நடுவுல நிக்கவே கூடாது."

முதல் தேவையை நிறைவேற்றிவிட்டேன், மேலே பார்த்திருப்பீர்கள். கம்பெனி பெயர் கூடாது என்பதை மனமார ஏற்கிறேன். பெயரைப் போட்டால் அந்த ஒரு கம்பெனிதான் இப்படி என்று மற்ற எல்லாரும் நிம்மதியாக மதியச் சாப்பாடு சாப்பிடுவார்கள். ஊர்ப் பெயரும் நான் வைத்ததுதான்: கருக்காடு. செந்துறை பஸ்ஸில் போனால் முந்திரிக்காடு முடிந்து, மண் வெள்ளையாக ஆரம்பிக்கிற இடத்தில் இறங்குங்கள்.

வில்லனைத் தேட வேண்டும். முடிவைப் பற்றி இப்போது பேச மாட்டேன்.*

* ஜெயசுதா மேல் எனக்குக் கோபமில்லை. தனக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியும். எழுதிக் கொடுத்தால் உட்கார்ந்து படித்தும் பார்ப்பார். கருக்காட்டு விவகாரத்தில் இந்த இரண்டையும் செய்கிற ஓர் ஆள் இருந்திருந்தால் எனக்கு எழுத ஒன்றுமே இருந்திருக்காது.

3.

அனிதாவின் வேலை கேள்வி கேட்பது. 'எங்களுக்கு ஒரு ஆப் வேண்டும்' என்று ஒரு கம்பெனி வந்தால், நிரல் எழுதுகிறவர்கள் கையை வைப்பதற்கு முன்னால் இவள் போய் உட்கார வேண்டும். யாருக்கு வேண்டும், எதற்கு வேண்டும், தவறிப்போனால் யாருக்கு என்ன ஆகும். கேட்டதை வரிவரியாக எழுத வேண்டும். ஒரு வரிக்கு 'ரெக்வயர்மென்ட்' என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, சரியாக வந்திருக்கிறதா என்று சோதிக்க வழி உண்டு, மாற்றுவதென்றால் கையெழுத்து உண்டு. வரியில் இருப்பதைக் கட்டுவார்கள். இல்லாததைக் கட்ட மாட்டார்கள். வீடு கட்டுகிற மேஸ்திரியிடம் கக்கூஸ் என்று சொல்ல மறந்தால் கக்கூஸ் இல்லாத வீடுதான் கிடைக்கும். (ஜெயசுதா, உங்கள் ஒரு பாரா முடிந்தது.)

கருக்காட்டுக் குவாரியில் முன்பு ஓர் ஏற்பாடு இருந்தது. வெடிக்கு முன்னால் சங்கு ஊதும். பிறகு கொளஞ்சி என்கிற ஆள் சிவப்புக் கொடியும் விசிலுமாக சைக்கிளில் ஊரைச் சுற்றி, மேய்ச்சல் பாதையெல்லாம் பார்த்துவிட்டு வந்து, மேட்டில் நின்று வெள்ளைத் துணியைக் காட்டுவார். அதைப் பார்த்துத்தான் வெடிக்காரர்கள் வெடிப்பார்கள். சங்கு பழுதாயிற்று. வெடி எச்சரிக்கையைப் போனுக்கு அனுப்புகிற ஆப் வரப்போகிறதே என்று புதுசு வாங்கவில்லை.

அந்த ஆப்புக்குத்தான் அனிதா கருக்காட்டு ஊராட்சி ஆபீசுக்குப் போனாள். பெண்கள்தான் வந்திருந்தார்கள். ஆண்கள் பாதிப் பேருக்கு மேல் திருப்பூர், கோயம்புத்தூர். முன் வரிசையில் கலியம்மாள், வாயில் வெற்றிலை, மடியில் ஆடு ஓட்டும் குச்சி.

"என்ன வேணும்னு சொல்லுங்கக்கா, எழுதிக்கிறேன்."

"என்னத்த வேணும்? வெடி வெக்கப் போறான்னா எங்க காதுல விழணும். விழுந்துச்சுன்னா ஓடிக்குவோம். நீ ஒண்ணும் தூக்கிட்டுப் போவ வேணாம்."

"எப்படி விழணும்?"

"இது என்ன கேள்வி பாப்பா? கொளஞ்சி வருவான். 'ஏய் கலியம்மா, சாவப் போறியா, எந்திரிச்சுப் போடி'ம்பான். நான் பதிலுக்கு நாலு வார்த்த நல்லாக் குடுப்பேன். அதக் கேட்டுட்டுத்தான் சைக்கிள நவுத்துவான்."

"திட்டு வாங்கலன்னா அவருக்குச் சோறு எறங்காது" என்றாள் பின்னாலிருந்த வேணி. ஆபீசே சிரித்தது.

சிரித்துக்கொண்டே அனிதா எழுதிய வரி இது: 'எச்சரிக்கை அந்த ஆளின் காதில் விழுந்தது என்பதை, அந்த ஆளிடமிருந்தே பதில் வாங்கி உறுதி செய்ய வேண்டும்.'

கலியம்மாளின் வாயிலிருந்து வந்ததை ஒரு சொல் சிந்தாமல் பிடித்த வரி. என்னால் இப்படி எழுத முடிந்திருக்காது.

கடைசியில் வீட்டுக்கு ஒரு போன் நம்பர் கேட்டாள். கொடுத்தார்கள். அதைப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் ஓட்டம் கெட்டுவிடும்.

4.

வில்லனுக்கு முதல் ஆள்: பாலாஜி. திருச்சி ஆபீசில் அனிதாவின் டீம் லீடர்.

பாலாஜி சிகரெட்டை நசுக்கினான். அவன் உதட்டில் ஒரு குரூரமான

இல்லை. பாலாஜி சிகரெட் பிடிக்க மாட்டான். அவன் மேசை மேல் இரட்டைக் குழந்தைகளின் படம் இருக்கிறது. அனிதாவின் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவன் அவன்தான். அவனுக்கு நான் என்ன மீசை வரைந்தாலும் ஒட்ட மாட்டேன் என்கிறது. அவன் சொன்னதை மட்டும் தருகிறேன்.

"அனிதா, இந்த வரிய எப்படி டெஸ்ட் பண்ணுவே?"

"எத?"

"'காதில் விழுந்தது.' சர்வர் எப்படிப்பா ஒருத்தர் காதுக்குள்ள எட்டிப் பாக்கும்? டெஸ்ட் பண்ண முடியலன்னா அது ரெக்வயர்மென்டே கெடையாது. புதுப் பசங்களுக்கு நீதானே இதச் சொல்லிக் குடுக்கறே?"

"அப்ப ஒரு ஆளு போய்ப் பாக்கட்டும். ஏற்கெனவே கொளஞ்சின்னு ஒருத்தர்..."

"ஆளு நடக்கறத நிறுத்தத்தான்மா ஆப்பே கேக்கறாங்க."

அவனே தட்டச்சு செய்தான்: 'எச்சரிக்கை அனுப்பப்பட வேண்டும். கைபேசியைச் சேர்ந்தது உறுதியாக வேண்டும்.'

"இப்பப் பாரு. போய்ச் சேந்தா பச்சை, சேரலன்னா செவப்பு. கண்ண மூடிட்டு டெஸ்ட் பண்ணலாம்."

கண்ணை மூடிக்கொண்டுதான் செய்தார்கள்.

எனக்கு எரிகிறது. ஏனென்றால் அவன் சொன்னது அவர்கள் தொழிலில் சரி. சோதிக்க முடியாத வரி ஆபத்தானது, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் சோதிக்க வழி தேடு. கலியம்மாளே வழி சொன்னாளே, திட்டினால் காதில் விழுந்தது என்று அர்த்தம் என்று! அதை விட்டுவிட்டு, அளக்க முடியாததைத் தூக்கி வெளியே போட்டு, அளக்க முடிந்த வேறொன்றை அதே நாற்காலியில் உட்கார வைத்து, பெயர்ப் பலகையை மட்டும் மாற்றாமல் விட்டால் அதற்கு என்ன பெயர்? 'எச்சரிக்கை' என்ற தலைப்பு அப்படியே இருந்தது. எச்சரிக்கப்பட வேண்டிய ஆளைத்தான் காணோம்.

டீக்கடையில் அவள் பலகையில் எழுதினேன்: 'தப்பாகப் பச்சை விழுந்தால் நிறுத்த ஒரு பட்டன் கூடவா இல்லை?'

அனிதா படித்துவிட்டு உரக்கச் சொன்னாள்: "யாரும் கேக்கல சார். அனுப்பறதுக்குத்தான் பட்டன் கேட்டாங்க. அனுப்புனது தப்பாப் போகும்னு யாருக்கும் தோணல. எனக்கும் தோணல. என்னைய நல்லவளா எழுதிடாதீங்க."

கடைக்காரர் எங்களை முறைத்தார்.

5.

[இந்தப் பகுதி நீக்கப்பட்டது. இதில் குவாரியின் மைன்ஸ் மேனேஜரை வில்லனாக்கி, கறுப்புக் கண்ணாடி மாட்டி, ஒரு பக்கம் எழுதியிருந்தேன். பிறகு விசாரித்தால், புதுச் சங்கு வாங்கித் தாருங்கள் என்று கேட்டுக் கேட்டு அலுத்தவர் அவர். மேலே மறுத்துவிட்டார்கள். மேலே யார் என்று கேட்டேன். 'அதுக்கும் மேல சார்' என்றார். ஏறிக்கொண்டே போனேன். எந்த மாடியிலும் ஆள் இல்லை.]

6.

ஆப் வந்து மாதங்கள் ஆயின. ஒரு சின்னக் கல் கூட யார் மேலும் விழவில்லை. திருச்சி ஆபீசில் கேக் வெட்டினார்கள். கொளஞ்சியின் கொடியையும் சைக்கிளையும் வாங்கி வைத்துக்கொண்டு, குவாரிக் கொட்டகையில் ஒரு டேப்லெட்டுக்கு முன்னால் அவரை உட்கார வைத்தார்கள். பட்டனை அமுக்கி, பச்சை வந்ததும் வெடிக்காரர்களுக்குக் கை காட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அடுத்த கட்டத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்க அனிதா மறுபடி கருக்காடு போனாள். பெண்கள் நூறு நாள் வேலையில் ஏரி வெட்டிக்கொண்டிருந்தார்கள். வேலமர நிழலில் சாப்பாட்டுத் தூக்குகளைப் பிரித்துக்கொண்டிருந்த நேரம். அவள் போனில், சோதனைக்காக வைத்திருந்த ஆப்பில், எச்சரிக்கை கிளம்பியது. சேர்ந்தாச்சு, சேர்ந்தாச்சு, சேர்ந்தாச்சு. கருக்காடு முழுக்கப் பச்சை.

மரத்தடியில் ஒரு போனும் சிணுங்கவில்லை.

"மெசேஜ் வந்துச்சாக்கா?"

"எங்களுக்கு எதுக்கு வருது?" என்றாள் வேணி, ஊறுகாயை நக்கிக்கொண்டே. "வூட்டுக்காரரு போனுக்குல்ல போவும்."

இதோ, நான் பிறகு சொல்கிறேன் என்ற விஷயம். பேங்கில், ரேஷனில், கேஸ் கம்பெனியில், பள்ளிக்கூடத்தில், எங்கே நம்பர் கேட்டாலும் கருக்காட்டுப் பெண்கள் வீட்டுக்காரர் நம்பரைத்தான் சொல்வார்கள். வெளியூர் ஆட்கள் இருக்கிற கூட்டத்தில் தன் நம்பரை வாய்விட்டுச் சொல்கிற பெண்ணை ஊர் ஒரு மாதிரி பார்க்கும். 'வீட்டுக்கு ஒரு நம்பர்' என்று அனிதா கேட்டாள். வீட்டுக்கு ஒன்று கொடுத்தார்கள். வீட்டில் இல்லாதவனுடைய நம்பர்.

"வூட்டுக்காரரு எங்க இருக்காரு?"

"திருப்பூர்ல. எல்லாரு வூட்டுக்காரரும் அங்கதான்."

"அப்பறம் வெடி வெக்கிறது உங்களுக்கு எப்படித்தான் தெரியும்?"

"அவரு கூப்புட்டுச் சொல்லுவாருல்ல? 'அடியே, வெடி வெக்கிறானாம், வெளிய நிக்காத'ன்னு. மத்த நேரத்துல நாம கூப்புட்டாலும் எடுக்க மாட்டாரு. இந்த வெடி புண்ணியத்துல தெனம் புருசன் கொரலு கேக்குது." அவள் போன் அப்போதுதான் மடிக்குள் பாடியது. "இந்தா, வந்துட்டாரு பாரு."

ஒவ்வொரு போனாக மரத்தடியில் ஒலிக்க ஆரம்பித்தது. பெண்கள் தூக்குகளை மூடிக்கொண்டு, பேசிக்கொண்டே, ஊர்ப்பக்கம் எழுந்தார்கள்.

ஆப் இத்தனை மாதம் ஓடியது இப்படித்தான். பனியன் கம்பெனித் தையல் மிஷின்களுக்கு நடுவிலிருந்து புருஷன்மார்கள் ஓட்டினார்கள். யாரும் எழுதாத வரி. யாரும் சோதிக்காத வரி. கேக் வெட்டியபோது யாரும் பெயர் சொல்லாத வரி.

"எல்லாருக்கும் கூப்பிட்டாச்சா?"

வேணி போனைக் காதிலிருந்து எடுத்தாள். "கலியம்மாவுக்குத்தான் வராது. அவ வூட்டுக்காரரு தமிழரசன் புதுக் கம்பெனிக்கு மாறிட்டாரு. அங்க போன வாசக் கேட்டுலயே வாங்கி வெச்சுக்குறாங்களாம்."

"அவங்க போனுக்கு நாமளே பேசிடலாம்க்கா."

"போன வூட்டுலயே போட்டுட்டுப் போயிட்டா. 'கூப்புடாத மனுசனுக்கு எதுக்குடி இதச் செமந்துக்கிட்டு'ன்னு காலையிலதான் சொல்லிட்டுப் போறா."

"எங்க போனாங்க?"

வேணியின் சிரிப்பு நின்றது.

"ஆட்ட ஓட்டிக்கிட்டு... பழைய குழிக்கு."

பழைய குழி என்பது கல் எடுத்து முடித்துக் கைவிட்ட பள்ளம். புல்லும் தண்ணீரும் இருக்கும். ஒரே ஒரு கல் சுவருக்கு அந்தப் பக்கம் புதுக் குழி. வெடி அங்கேதான்.

7.

ஓடிக்கொண்டே பாலாஜியைக் கூப்பிட்டாள்.

"பாலாஜி, நிறுத்தணும்!"

"எத?"

"வெடிய! குழிக்குள்ள ஆளு இருக்கு!"

"சிஸ்டம் பச்சை காட்டுதே?"

"பச்சை பொய்டா! மைன்ஸுக்கு யாரையாவது கூப்புடு!"

"அங்க எல்லார் போனும் டப்பாக்குள்ள இருக்கும் அனிதா. வெடி வெக்கிற எடத்துல போன் கூடாது, அது அவங்க சேப்டி ரூல். நீ சிஸ்டத்துல ஒரு புகார் டிக்கெட் போடு, நான் உடனே..."

துண்டித்தாள். ஆப்பைத் திறந்தாள். எழுதியவளே தேடினாள், ஒருவேளை யாராவது புண்ணியவான் தானாகவே ஒரு 'நிறுத்து' வைத்திருப்பானோ என்று. இல்லை. வரியில் இல்லாததைக் கட்ட மாட்டார்கள்.

பாதை பிரிந்தது. இடது பக்கம் போனால் கொளஞ்சியின் கொட்டகை, குவாரியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், தூரம். வலது பக்கம் பழைய குழி, கிட்டத்தில். கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தால் எல்லாரையும் நிறுத்தலாம். போய்ச் சேராவிட்டால் கலியம்மாள் இல்லை. நீங்களாக இருந்தால் எந்தப் பக்கம் திரும்புவீர்கள்? நாற்காலியில் உட்கார்ந்து யோசிக்கிற எனக்கே இரண்டு நாள் பிடித்தது. அவளுக்கு ஒரு மூச்சு.

வலது பக்கம் திரும்பினாள்.

குழியின் சரிவில் உட்கார்ந்து சறுக்கினாள். கீழே ஆடுகள். அவற்றுக்கு நடுவே கலியம்மாள், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு. அனிதா கத்தினாள். மூச்சு வாங்கியதில் சொல் வரவில்லை, வெறும் கத்தல்தான் வந்தது. கையை வீசி, ஆடுகளை ஊர்ப் பக்கச் சரிவை நோக்கி விரட்டினாள். ஆடுகள் மிரண்டு ஓடின. ஆடு ஓடினால் கலியம்மாள் ஓடுவாள் என்று அந்த அவசரத்திலும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

கலியம்மாள் குச்சியைத் தூக்கிக்கொண்டு ஆடுகளுக்குப் பின்னால் பாய்ந்தாள். பாய்ந்துகொண்டே திரும்பி, தலைவிரி கோலமாக, கல் சுவரை ஒட்டி நின்ற அந்த யாரோ ஒருத்தியைப் பார்த்துத் தொண்டை கிழியத் திட்டினாள்:

"எவடி அவ? எவடி எம் ஆட்ட வெரட்டுறவ? நாசமாப் போறவளே, உன்னைய

8.

இங்கே வெடி.

இந்த இடத்தில் மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

அ) புகை விலகுகிறது. இரண்டு பெண்களும் கட்டிப்பிடித்தபடி எழுகிறார்கள். மறுநாள் அனிதா திருச்சி ஆபீஸ் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போய் பாலாஜியை ஓங்கி ஓர் அறை. (ஜெயசுதாவுக்குப் பிடிக்கும். அறைக்கு முன்னால் பாலாஜி ஒரு நல்ல வசனம் பேச வேண்டியிருக்கும். அவனிடம் இருப்பது 'சிஸ்டம் பச்சை காட்டுதே' மட்டும்தான்.)

ஆ) புகை விலகுகிறது. ஒரு குச்சி மட்டும் கிடக்கிறது. (இதுவும் ஜெயசுதாவுக்குப் பிடிக்கும்.)

இ) கொளஞ்சியின் மனம் உறுத்துகிறது. டேப்லெட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, கடைசி நொடியில் வேட்டியைக் கிழித்துக் கொடி காட்டுகிறார்.

மூன்றாவதை எழுதிவிட்டு, சரிபார்த்துக்கொள்ளலாமே என்று கொளஞ்சியைப் பார்க்கப் போனேன். கொட்டகை வாசலில் நின்று, என்னை உள்ளே விடாமல் பேசினார்.

"பச்சை வந்துச்சுங்க. பச்சை வந்தா கை காட்டணும். காட்டுனேன்."

"வெளியே வந்து ஒரு தடவை பார்த்திருக்கலாமே?"

"முன்னாடி பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்? பாக்க வேணாம்னுட்டாங்க. டேப்ப வெயில்ல எடுத்துட்டுப் போனா கெட்டுப் போயிருமாம். விட்டுட்டுப் போனா 'ஏன் விட்டுட்டுப் போன'ம்பாங்க." பிறகு திடீரென்று வெடித்தார்: "அந்தப் பொம்பள தெனம் என்னைய திட்டுவா சார். தெனம். அவ திட்டுறதக் கேக்காமலே நான் கை காட்டியிருக்கேன். போங்க, எழுதுங்க, கொளஞ்சிதான் செஞ்சான்னு எழுதுங்க. எழுதிட்டு நிம்மதியா இருங்க!"

எழுத மாட்டேன். அப்படி எழுதினால் யார் நிம்மதியாக இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

9.

நடந்தது இதுதான். கலியம்மாள் உயிரோடு இருக்கிறாள். தோளில் ஒரு காயம், அதுவும் ஆறிவிட்டது. ஆடுகளில் இரண்டு போயின.

கம்பெனியின் அறிக்கை சொல்கிறது: உயிர்ச்சேதம் இல்லை. எச்சரிக்கை அனைவருக்கும் அனுப்பப்பட்டது, சேர்ந்தது. செயலி தேவைகளின்படி இயங்கியது. பதிவில் இல்லாத நபர் ஒருவர் தடை செய்யப்பட்ட பகுதிக்குள் அனுமதியின்றி நுழைந்தார்.

பதிவில் இல்லாத நபர்! கேள்வி கேட்டவளை யாரும் பதிவு செய்வதில்லையே. அவள் எழுதிய வரிகளில் அவள் எப்படி இருப்பாள்?

ஆப்பையும் திருத்திவிட்டார்கள். இப்போது பெண்களின் நம்பரையே வாங்கியிருக்கிறார்கள். செய்தி வந்ததும் படித்துவிட்டு 'நான் விலகிவிட்டேன்' என்கிற பட்டனை அமுக்க வேண்டும். அமுக்காதவர்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. கலியம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. காதில் விழணும் என்று அவள் கேட்டது அதனால்தான். சங்கு இன்னும் வாங்கவில்லை.

இதுவரை எழுதி அனுப்பினேன். ஜெயசுதா படித்துவிட்டுக் கூப்பிட்டார்.

"சார், வில்லனே இல்லையே?"

"தேடிப் பாத்துட்டேம்மா. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க வரிய ஒழுங்காச் செஞ்சிருக்காங்க. வேணும்னா அந்த எடத்த வெறுமையா விட்டுடறேன், வாசகரு அவருக்குத் தோணுன பேர எழுதிக்கட்டும். அவங்கவங்க ஆபீஸ்லயே ஒரு பேரு கெடைக்கும்."

"சரி. ஆனா எல்லாரும் தப்பிச்சாச்சு. ரெண்டு ஆட்டுக்கா சார் இவ்வளவு கோவம்? முடிவு நடுவுலயே நிக்குது. அனிதாவுக்கு ஒரு போனப் போட்டு, கடைசியா என்ன தோணுச்சுன்னு கேட்டு ஒரு வரி வாங்கிச் சேத்துடுங்களேன்."

"போன் போட முடியாதும்மா."

"ஏன், எடுக்க மாட்டாங்களா?"

அவருக்கு அப்போது சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் டீக்கடையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டே இவ்வளவு தூரம் உங்களிடம் மறைத்து இழுத்து வந்தேன்.

வெள்ளைப் பலகையில் அன்று நான் எழுதிய கடைசிக் கேள்வி இது: 'வெடிச் சத்தம் எப்படி இருந்தது?'

அனிதா படித்தாள். பலகையைத் துடைத்துவிட்டு, கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள். தன் குரல் எவ்வளவு உயரம் போகிறது என்று அவளுக்குத் தெரியாது.

"வெடிச் சத்தம் எனக்குத் தெரியாது சார். ரெண்டு காதும் அதுக்குள்ள போயிடுச்சு. திரும்பி வராதுன்னு டாக்டர் எழுதிக் காட்டிட்டாரு. கடைசியா எங் காதுல விழுந்தது கலியம்மாக்கா திட்டுனதுதான். அதுவும் பாதியில நின்னுடுச்சு. 'நாசமாப் போறவளே, உன்னைய'ன்னு ஆரம்பிச்சாங்க. நீங்க கருக்காடு போனா, மிச்சம் என்னன்னு கேட்டு எழுதிட்டு வாங்க."